மைனா சொன்ன சுகம்

ஒரு காட்டில், பிள்ளைகளெல்லாம் இரை தேடி மலைக்கு அப்பால் போய்விட, வயதான விலங்குகள் மட்டும் ஆளுக்கொரு மூலையில் குடியிருந்தன. அவற்றுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. பொழுது விடிந்ததும் ஒவ்வொன்றும் தன் வாசலில் நின்று, "நான் சுகம்!" என்று குரல் கொடுக்க வேண்டும். குரல் வராத இடத்துக்கு மற்றவை விசாரிக்கப் போய்விடும்.

அங்கே ஒரு முள்ளம்பன்றி இருந்தது. வீம்புக்குப் பேர்போனது. ஐப்பசி மழையில் அதற்கு மூட்டுவலி கண்டது. வளையை விட்டு வாசலுக்கு வருவதற்குள் உயிர் போய் உயிர் வந்தது.

'குரல் கொடுக்காவிட்டால் கரடி கஷாயத்தோடு வந்து நிற்பான். மானக்கா, அப்பவே சொன்னேனே என்பாள். எனக்கு இது தேவையா?' என்று யோசித்து, சொன்னதைச் சொல்லும் மைனாவைக் கூப்பிட்டது.

"மைனா, தினமும் காலையில் என் குரலில், 'நான் சுகம், யாரும் வர வேண்டாம்' என்று சொல்லுவாயா? வாசல் இலந்தை மரத்துப் பழமெல்லாம் உனக்குத்தான்."

"பழம் புளிக்காதே?"

"புளிக்காது."

"அப்படியானால் சொல்லுகிறேன்."

மறுநாள் முதல் மைனா சொல்லியது. "இந்த வயசிலும் முள்ளனுக்கு என்ன தெம்பு!" என்று கரடி வியந்தது. படுத்தபடியே கேட்ட முள்ளம்பன்றிக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஒருநாள் பெருமழையில் வளையின் மேல்மண் சரிந்தது. முள்ளம்பன்றியின் இடுப்புக்குக் கீழே மண் மூடிக்கொண்டது. அசைய முடியவில்லை.

"மைனா! ஓடிப்போய்க் கரடியைக் கூட்டி வா!"

"நாம் அதைப் பேசவில்லையே," என்றது மைனா. "பேச்சு மாறுகிற பழக்கம் எங்கள் குலத்தில் இல்லை."

பொழுது விடிந்தது. உள்ளே முள்ளம்பன்றி, "காப்பாற்றுங்கள்!" என்று முனகியது. வெளியே மைனா, "நான் சுகம், யாரும் வர வேண்டாம்!" என்று கணீரென்று கூவியது.

"முள்ளன் சுகமாம்," என்று கரடி கிழங்கு தோண்டப் போய்விட்டது.

அந்தக் கூட்டத்தில் ஒரு கிழ முயல் உண்டு. அதற்குக் காது சுத்தமாகக் கேட்காது. யார் குரல் கொடுத்தது என்று தெரியாததால், முறை வைத்து ஒவ்வொரு வளையாக எட்டிப் பார்த்துவிட்டு வரும். ஆண்டவன் புண்ணியத்தில் அன்றைக்கு முள்ளம்பன்றியின் முறை.

"என்னண்ணே, பாதியைக் காணோம்?" என்றது முயல்.

முள்ளம்பன்றி என்னென்னவோ சொல்லியது.

"ஒண்ணும் கேக்கலை அண்ணே. ஆனா பார்த்தாலே தெரியுது," என்று சொல்லிவிட்டு ஓடிப்போய்க் கரடியையும் மானையும் கூட்டி வந்தது.

வாசலில் மைனா, "நான் சுகம், யாரும் வர வேண்டாம்!" என்றது.

கரடி உள்ளே குனிந்து பார்த்தது. "ஏம்ப்பா முள்ளா, சுகமா இருக்கியாமே?"

முள்ளம்பன்றி தலையைத் தாழ்த்திக்கொண்டு, "இல்லேப்பா. வலிக்குது," என்றது.

"அப்படிச் சொல்லு," என்று கரடி மண்ணைத் தோண்டத் தொடங்கியது.

நீதி: நோவைச் சொல்ல வெட்கப்படுகிறவனுக்குச் சுற்றம் இருந்தும் துணை இல்லை.