லேபிள் எந்தப் பக்கம்

“லேபிள் மேலே பாத்து இருக்கணுமா, கீழே பாத்து இருக்கணுமா? அதை மட்டும் சொல்லிடு அம்மா. நான் போயிடுறேன்.”

கேட்டவர் தாணுமாலயன். ஓய்வுபெற்ற நீதிபதி. வயது எழுபத்தொன்று.

செலஸ்டினாவுக்கு முப்பது இருக்கலாம். முட்டத்தில் தூண்டில் சாமான் கடை வைத்திருப்பவள். கடையை அடைத்துவிட்டால் பாறைமேல் நின்று மீன் பிடிப்பாள். அங்கே வைத்துத்தான் நீதிபதி அவளிடம் பாடம் கேட்க ஆரம்பித்தார்.

மனைவி இறந்த பிறகு அவர் வீட்டுப் படியிறங்கியது அதற்கு மட்டும்தான்.

“என்ன ஆச்சு ஐயா?”

“சனிக்கிழமை பெரிய பாரை மீன் ஒண்ணு கடிச்சுது. இழுத்துக்கிட்டு ஓடும்போது தூண்டில் நரம்பு முறுக்கி, ராடு வளையத்துல சிக்கி, அறுந்து போச்சு. புது நரம்பு. முந்தின நாள்தான் ரீல்ல நானே சுத்தினேன். இது மூணாவது தடவை.”

“எப்படிச் சுத்தினீங்க?”

“நரம்பு ரோலைத் தரையில படுக்க வச்சு, லேபிள் மேலே தெரியுற மாதிரி. குளச்சல்ல ஒருத்தர் அப்படித்தான் சொன்னார். வீடியோவில ஒருத்தன் கீழேங்கிறான். ரெண்டு பேருமே அடிச்சுச் சொல்றாங்க. யார் சொல்றது சரி? இன்னைக்கும் தெரியலைன்னா ராடை உன்கிட்டயே விட்டுட்டுப் போறேன்.”

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ராடை உறையில் போட்டுக் கட்டியே கொண்டுவந்திருந்தார்.

செலஸ்டினா அலமாரியிலிருந்து ஒரு புது ரோலை எடுத்துத் தரையில் வைத்தாள். லேபிள் மேலே. உறையை அவிழ்த்தாள். நரம்பை வளையத்துக்குள் விட்டு ரீலில் முடிச்சுப் போட்டாள்.

“பத்துச் சுத்து சுத்துங்க.”

அவர் நரம்பை இரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு சுற்றினார். விறைப்பாக, வரிசை பிசகாமல் ஏறியது.

“நல்லாத்தானே போகுது?”

“நிறுத்துங்க. இப்ப தளர விடுங்க.”

“தளர விட்டா சிக்காதா? விறைப்பா பிடிக்கணும்னு நீதானே சொன்னே?”

அவள் ராடு நுனியைப் பிடித்து ரோல் பக்கமாகத் தாழ்த்தினாள்.

விறைப்பு போனதும் நரம்பு தானாகவே சுருண்டது. தன்னைத் தானே பின்னிக்கொண்டது.

நீதிபதி முட்டி போட்டுக் கிட்டத்தில் பார்த்தார்.

“இவ்வளவு முறுக்கும் இதுக்குள்ளதான் இருந்துச்சா?”

அவள் ரோலைப் புரட்டிப் போட்டாள். “இன்னும் பத்து.”

சுற்றினார். தளர விட்டார். நரம்பு சும்மா தொங்கியது.

“ஆக, லேபிள் கீழே.”

தீர்ப்பு வாசிக்கிற குரல். சட்டைப் பையிலிருந்து டைரியையும் பேனாவையும் எடுத்தார்.

செலஸ்டினா வேறொரு கம்பெனி ரோலை எடுத்து, கடை ரீல் ஒன்றில் முடிந்து, அவரிடம் நீட்டினாள். “இதையும் கீழே பாத்து வச்சே சுத்துங்க.”

பத்துச் சுற்று. தளர்ந்ததும் சுருண்டு பின்னிக்கொண்டது.

பேனா திறந்தபடியே இருந்தது.

“அப்ப குளச்சல்காரர் சொன்னது?”

“அவர் ரோலுக்குச் சரி.”

“வீடியோக்காரன்?”

“அவன் ரோலுக்குச் சரி.”

நீதிபதி ஸ்டூலில் உட்கார்ந்தார். இதற்குள் ஒருவர் வந்து ஈயக்குண்டு வாங்கிக்கொண்டு போனார். அவரை இவர் கவனிக்கவே இல்லை.

“முப்பத்தோரு வருஷம்,” என்றார், யாரிடமோ சொல்வதுபோல. “ரெண்டு பக்கமும் கேட்டுட்டு ஒரு பக்கம் சொல்லியே பழகிட்டேன்.”

செலஸ்டினா கல்லாப் பக்கம் சிந்திக் கிடந்த கொக்கிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“சரி, ஒண்ணு கேக்குறேன். தினமும் இதுலயே கிடக்கிறவ நீ. ரோலைக் கையில எடுத்ததுமே எந்தப் பக்கம்னு உனக்குத் தெரிஞ்சுடும், இல்லையா?”

“தெரியாது ஐயா.”

“இத்தனை வருஷத்துக்கு அப்புறமுமா?”

“அதனாலதான் பத்தாவது சுத்துல நிறுத்துறேன்.”

நீதிபதி அவளையே பார்த்தார். பிறகு பேனாவை மூடினார்.

குனிந்து ரோலைப் புரட்டிப் போட்டார். கைப்பிடியைப் பிடித்தார்.

“ஒண்ணு,” என்று எண்ணத் தொடங்கினார்.