பூமி வாலை உதறிய கதை

அந்தக் காலத்தில் கோள்கள் வாய் திறந்து பேசும். சூரியனைச் சுற்றிக்கொண்டே பேசும்; சுற்றும் நிற்காது, பேச்சும் நிற்காது. பூமி அக்கா. செவ்வாய் அவளுக்குத் தம்பி, உருவத்தில் அவளில் பாதி. அப்போது அவனிடமும் ஆறு ஓடியது, கடல் கிடந்தது, தலைக்கு மேல் மேகம் நின்றது.

இருவர் வயிற்றிலும் ஆளுக்கொரு கொப்பரை. உள்ளே உருகிய இரும்பு. அதைக் கிண்டிக்கொண்டே இருந்தால் உடம்பைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத காந்தவேலி எழும்பி நிற்கும். கை ஓய்ந்தால் வேலி விழும்.

வேலி எதற்கு? சூரியக்காற்றுக்கு. சூரியன் ஓயாமல் ஊதித் தள்ளும் மின்துகள் கூட்டம் அது. வந்தால் சும்மா போகாது. தண்ணீரைக் கண்டால் அள்ளும், மேகத்தைக் கண்டால் உரிக்கும்.

பூமியின் வேலியில் முட்டி முட்டிப் பார்த்து அலுத்துப்போன காற்று, செவ்வாயிடம் போனது.

"என்னடா பொடியா, இன்னும் கிண்டுறியா? கை வலிக்கலையா?"

"வேலி வேணுமே."

"பயந்தவங்களுக்குத்தான் வேலி. உங்க அக்கா பயந்தாங்கொள்ளி, ஒளிஞ்சிருக்கா. உனக்கென்னடா பயம்? நான் என்ன உன்னைக் கடிச்சா தின்னுடுவேன்?"

சின்னக் கொப்பரை சீக்கிரம் ஆறும். அவனுக்கு ஏற்கெனவே கிண்டக் கிண்ட இறுகிக்கொண்டுதான் வந்தது. அக்காவைக் கூப்பிட்டான்.

"அக்கா, இந்த வேலி நிஜமாவே வேணுமா?"

பூமிக்கு அன்று கடல் பொங்கிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் எரிமலை வேறு.

"தொணதொணன்னு உயிரை எடுக்காதேடா. போய் வேலையைப் பாரு!"

ஒற்றை வார்த்தை, 'வேணும்' என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

செவ்வாய் கையை எடுத்துவிட்டான்.

இரும்பு இறுகியது. வேலி சரிந்தது. சிரித்துப் பேசிய காற்று அந்த நொடியே பல்லைக் காட்டியது. மேகத்தை உரித்தது. கடலை ஆவியாக்கி இழுத்துக்கொண்டு போனது. "அக்கா! அக்கா!" என்று அவன் கத்தினான். பூமியால் தன் பாதையை விட்டு ஓர் அடி நகர முடியுமா? பார்த்துக்கொண்டே சுற்றினாள். கடைசிச் சொட்டும் போன பிறகு துருப்பிடித்த மண்தான் மிச்சம்.

அதற்குப் பிறகும் வெட்கமில்லாமல் காற்று அவள் வாசலுக்கு வந்தது.

"உன் தம்பி வீட்டுத் தண்ணி நல்ல இனிப்பு. உன்னுது எப்படி?"

பூமி கொப்பரையை இன்னும் வேகமாகக் கிண்டினாள். காற்று அடித்த அடியில் வேலி பின்பக்கமாக இழுபட்டு, நிலாவையும் தாண்டி நீண்ட வாலாகிக் கிடந்தது. முட்ட வந்த துகள்களை அவள் விரட்டவில்லை. ஒவ்வொன்றாக அந்த வாலுக்குள் வாங்கிக்கொண்டாள். ஒன்று, இன்னொன்று, இன்னொன்று. வால் விறைத்தது.

"அடேயப்பா, இவ்வளவுதானா உன் கோபம்?" என்று காற்று கெக்கலித்தது. "உன் தம்பியாவது கத்தினான்!"

அப்போது வந்து விழுந்தது ஒரு துகள். மற்றதைப் போலத்தான், சின்னது. அது பக்கத்தில் இருந்ததை இடித்தது. அது அடுத்ததை இடித்தது. தலைவன் இல்லை, கட்டளை இல்லை, யாரும் யாரையும் கூப்பிடவில்லை. இருந்தும் கோடானுகோடித் துகள்கள் ஒரே சரடாகத் திரண்டன. வால் இழுபட்டு, மெலிந்து, படீரென்று அறுந்தது!

"யார் வீட்டுத் தண்ணியைடா இனிப்புன்னே?" என்று பூமி அலறினாள்.

அறுந்த வாலில் ஒரு பாதி விண்வெளியில் தெறித்தது. மறுபாதி அவள் மீதே திரும்பிப் பாய்ந்து, வடதுருவத்திலும் தென்துருவத்திலும் வானம் முழுக்கப் பச்சையாக, சிவப்பாக எரிந்தது. காற்றின் சிரிப்பு நின்றது. அவளைச் சுற்றி வளைந்து ஒதுங்கிப் போனது.

ஆனால் எவ்வளவு எரிந்து என்ன? செவ்வாய்க்கு ஒரு சொட்டுத் தண்ணீர் திரும்பவில்லை.

"வேணும்டா தம்பி. வேலி வேணும்" என்றாள் பூமி.

அவன் தெற்கு மேட்டில் மட்டும், இறுகிப்போன பழைய பாறைகளில் அங்கங்கே ஒட்டியிருந்த கொஞ்சம் காந்தம் லேசாக அசைந்தது.

அன்று முதல்தான் பூமி கொப்பரையிலிருந்து கையை எடுப்பதே இல்லை. அவள் வாலில் துகள் துகளாகக் கோபம் சேர்ந்து, சில நாள் பொறியாகவும் சில நாள் பெருந்தீயாகவும் துருவ வானத்தில் வெடிக்கிறது, எந்தத் துகளில் வெடிக்கும் என்று இன்றுவரை அவளுக்கே தெரியாது.