வெண்ணெய்க் கோட்டையும் அஞ்சுகத்தின் சிலம்பும்

முன்னொரு காலத்தில், எந்த நாடு என்று கேட்டு என்னை மடக்காதீர்கள், கனகசேனர் என்றொரு ராஜா இருந்தார். யோசித்தால் தலைவலி வந்துவிடும் அவருக்கு. ஆனாலும் ஆசை விடுமா? நாடகங்களில் சிறப்பாக நடித்தவருக்கு வருஷா வருஷம் பொற்சிலம்பு தரப் போகிறேன் என்று திடீரென்று கிளம்பிவிட்டார்.

அந்த ஊர் சனங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. நாடகம் பிடிக்காவிட்டால் கூச்சல் போடமாட்டார்கள். மேடைக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொள்வார்கள். மங்களம் பாடுமுன் எழுந்துபோனால் குடும்பத்துக்கு ஆகாதாம். அதனால் கடைசிவரை அப்படியேதான் இருப்பார்கள்.

‘வெண்ணெய்க் கோட்டை’ என்ற சங்கீத நாடகம் அரங்கேறியபோது, இரண்டாவது பாட்டுக்குள் கொட்டகை முழுக்க முதுகுதான். ராஜாவும் ஆசனத்தைத் திருப்பிப் போடச் சொன்னார். பின்னே? செத்துப்போன கதாநாயகன், இன்னும் பாட்டு பாக்கியிருக்கிறது என்று எழுந்து நின்று பாடினால் யார் பார்ப்பது!

அதில் தாய் வேஷம் கட்டியவள் அஞ்சுகம். அதுவரை தோழி வேஷத்திலேயே காலம் தள்ளியவள். மகனைப் பறிகொடுத்த தாயாக அன்று அவள் அழுது பாடினாளே, அதுவல்லவா நடிப்பு! மறுநாள் சபையில் விகடகவி வேம்பன் சிலம்புக்கு அவள் பெயரைச் சொன்னான்.

ஆஸ்தான பண்டிதர் சபாபூஷணருக்கு வேம்பனைக் கண்டாலே ஆகாது. “மன்னா, ஊசிப்போன குழம்பில் கிடக்கும் கத்தரிக்காய்க்குப் பரிசா? அவள் ராசியில்லாதவள். அவள் கால் பட்டுத்தான் நாடகமே விளங்காமல் போனது” என்றார்.

ராஜா குழம்பிப்போனார். “நாடகம் மோசம். அவள் அதற்குள் இருந்தாள். ஆகவே அவளும் மோசம். சரிதானே? ஆனால் நாமும் அதே கொட்டகைக்குள்தானே இருந்தோம்? அப்படியானால் நாம்...”

“வேண்டாம் மன்னா, அதற்குமேல் யோசிக்காதீர்கள்” என்று பண்டிதர் பதறினார். “நாடகம் துளியும் ஒட்டாமல் அவள் நடிப்பை மட்டும் பிரித்தெடுத்து வேம்பன் நாளை சபையில் வைக்கட்டும். முடியாவிட்டால் அவனுக்குப் பதவி இல்லை. அவளுக்கு இந்த ஊரில் மேடை இல்லை.”

யோசிக்கும் வேலை மிச்சம் என்று ராஜா உடனே ஒப்புக்கொண்டார்.

செய்தி கேட்டு அஞ்சுகம் வேம்பனிடம் ஓடிவந்தாள். “ஏன் சாமி இந்த வம்பு? நடிப்பென்ன நெல்லா, புடைச்சு எடுக்க? நான் பழையபடி தோழியாவே நின்னுட்டுப் போறேனே.”

“தோழி வேஷமும் கிடையாதாம், தாயே.”

அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். மேடையை விட்டால் அவளுக்கு வேறு எதுவும் தெரியாது. வேம்பனோ, வாய்க்கொழுப்பால் ஒருத்தியின் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டோமோ என்று தவித்தபடி கடைத்தெருவுக்குப் போனான். அங்கே ஒரு வேடிக்கையைக் கண்டு அப்படியே நின்றுவிட்டான்.

மறுநாள் வேம்பன் வெறுங்கையோடு சபைக்கு வந்தான். பின்னால் ஊரே வந்தது. அத்தனை பேருக்கும் கழுத்து ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. அதில் மஞ்சள் பற்று வேறு.

“என்ன கூத்து இது?” என்றார் ராஜா.

வேம்பன் ஓர் எண்ணெய்க்காரரை முன்னே அழைத்தான். “கழுத்துக்கு என்ன ஐயா?”

“சுளுக்குங்க. நாடகத்துக்கு முதுகக் காட்டித்தான் உக்காந்திருந்தேன். அந்தம்மா அழுவுறப்ப மனசு கேக்கல. உடம்பத் திருப்பினா ஊரு சிரிக்குமேன்னு கழுத்த மட்டும் திருப்பிப் பாத்தேன்.”

“கதாநாயகன் பாடியபோது?”

“அதுக்கு எவன் திரும்புவான்?”

கூட்டம் மொத்தமும் ஆமாம் போட்டது. “மன்னா, நான் எதையும் பிரிக்கவில்லை. சனங்களே பிரித்துவிட்டார்கள்” என்றான் வேம்பன். “நாடகத்துக்கு முதுகைக் கொடுத்தார்கள், அஞ்சுகத்துக்குக் கழுத்தைக் கொடுத்தார்கள். அவள் நடிப்பு மட்டும் இதோ, கழுத்துக் கழுத்தாக நிற்கிறது.”

“அடியேன் திரும்பவே இல்லை!” என்று பண்டிதர் கத்தினார்.

வேம்பன் அவருக்குப் பின்னால் போய், “பண்டிதரே!” என்றான். பாவம், மனிதர் தலையைத் திருப்ப முடியாமல் பார வண்டி மாதிரி உடம்போடு திரும்பினார். ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்தவர், “ஐயோ!” என்று தன் கழுத்தையும் பிடித்துக்கொண்டார். நேற்றுக் காலையிலிருந்து தலையணைக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தாராம்!

வேம்பனுக்கு முத்துமாலையும் அஞ்சுகத்துக்குச் சிலம்பும் கிடைத்தன. சிலம்பைக் கொடுத்த ராஜாவுக்கு இன்னும் ஒன்று விளங்கவில்லை. “அந்தப் பாழாய்ப்போன நாடகத்தில் உன்னால் மட்டும் எப்படியம்மா அவ்வளவு நன்றாக நடிக்க முடிந்தது?”

“எல்லாரும் முதுகக் காட்டி உக்காந்துட்டீங்களே மகாராஜா. யாரும் பாக்கலன்னு நெனச்சேன். பயமே இல்லாம நடிச்சேன்.”

ராஜாவுக்கு மறுபடியும் தலை சுற்றியது. “அப்படியானால் இனிமேலும் நாங்கள் திரும்பியே உட்கார வேண்டுமா?”

அஞ்சுகம் சிலம்பை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“வேண்டாம் மகாராஜா. நேராவே உக்காந்து பாருங்க. பயமாத்தான் இருக்கும். இருந்துட்டுப் போவட்டும்.”