ஒழுகும் அண்டாவும் ஒளிக்காத வெப்சைட்டும்

தேனிக்குப் போகிற வழியில் சாமர்த்தியபுரம் என்று ஓர் ஊர் இருக்கிறது. அந்தப் பேரை யார் வைத்தார்களோ தெரியவில்லை. தெரிந்தால் எனக்கு அவரிடம் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

அந்த ஊரில் சடையப்பன் வாடகைப் பாத்திரக் கடை நடத்தி வந்தார். கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு எதுவானாலும் அண்டா, குண்டா, கரண்டி, ஜமக்காளம் எல்லாம் அவரிடம் கிடைக்கும். கூட வேலை பார்த்தவர்கள் இரண்டு பேர், வீரணனும் நல்லமாயனும். இந்த மூவரில் யார் கெட்டிக்காரர் என்று ஊரில் யாரும் விவாதம் பண்ணியதில்லை. விவாதம் பண்ண விஷயம் வேண்டுமே!

காலம் மாறிவிட்டது என்று இவர்களும் கடைக்கு ஒரு வெப்சைட் போட்டார்கள். மதுரைக் கடை ஒன்றின் வெப்சைட்டை அப்படியே எடுத்து ஊர்ப் பேரை மட்டும் மாற்றினார்கள். 'தேனியில் சிறந்த பாத்திரக் கடை' என்று ஒரு பக்கம், 'போடியில் சிறந்த பாத்திரக் கடை' என்று இன்னொரு பக்கம், இப்படியே மாவட்டத்தில் ஓர் ஊரையும் பாக்கி வைக்கவில்லை. 'மீனாட்சி அம்மன் கோயிலுக்கு மிக அருகில்' என்ற வரியும் எல்லாப் பக்கத்திலும் பத்திரமாக இருந்தது.

கொஞ்ச காலம் வண்டி ஓடியது. திடீரென்று ஒரு நாள், தேடினால் கடை வரவில்லை. எதிர்க்கடை வந்தது. எப்போதோ மூடிப்போன கடைகூட வந்தது. சடையப்பன் கடை மட்டும் காணோம். போன் மணி அடிப்பதே நின்றுபோனது.

மனைவி ராக்கம்மா இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு வந்து நின்றாள்.

"இந்தா பாருங்க, ஆவணி முடியறதுக்குள்ள அந்த வெப்சைட்டுல ஒரு ஆர்டராவது வரணும். இல்லேன்னா கடையைப் பூட்டிட்டு எங்கண்ணன் ரைஸ்மில்லுக்கு வேலைக்குப் போங்க."

ராக்கம்மாவின் அண்ணன் தவசி லேசுப்பட்ட ஆளா? சடையப்பன் தாலி கட்டின கையோடு, மணவறைக்குப் பக்கத்திலேயே நின்று, 'மாப்பிள்ளைக்கு விவரம் பத்தாது' என்று சொன்னவர். அவர் மில்லில் போய்க் கைகட்டி நிற்பதா? அதைவிட அண்டாவுக்குள் உட்கார்ந்து மூடியைப் போட்டுக்கொள்ளலாம்.

தேனியில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் ஹேமலதாவுக்குச் சடையப்பன் போன் போட்டார். அந்தப் பெண் வெப்சைட்டைப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டது.

"அண்ணே, தேடுபொறி உங்களைத் தண்டிச்சிருக்கு. படிக்கிறவங்களுக்குப் பிரயோஜனமில்லாத பக்கங்கன்னு பின்னால தள்ளிருச்சு. அடுத்தவங்க எழுதினதை எடுத்துப் போடாதீங்க. ஊருக்கு ஊர் ஒரே பக்கத்தைப் போடாதீங்க, ஒவ்வொண்ணும் வேற வேறயா இருக்கணும். உங்க சொந்த அனுபவத்தை உள்ளது உள்ளபடி எழுதுங்க. எழுதினதுக்கும் கடையில இருக்கிறதுக்கும் வித்தியாசம் வரக் கூடாது. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானே!" என்றார் சடையப்பன். பாவம், அந்தப் பெண்ணும் நிம்மதியாகப் போனை வைத்தது.

மூவரும் கவிழ்த்துப் போட்ட குண்டாக்களின் மேல் உட்கார்ந்து ஆலோசனை நடத்தினார்கள்.

"அடுத்தவன் எழுதினதை எழுதக் கூடாது. எதிர்க்கடைக்காரன் என்ன எழுதியிருக்கான்?" என்று கேட்டார் சடையப்பன்.

வீரணன் போனைப் பார்த்தான். "அண்டான்னு எழுதியிருக்கான் அண்ணே."

"போச்சு! அப்ப நாம அண்டான்னு எழுதக் கூடாது."

"பின்னே எப்படிச் சொல்றது?"

நல்லமாயன் நெடுநேரம் யோசித்தான். அவன் யோசித்தால் மற்ற இருவரும் மூச்சு விடுவதைக்கூடக் குறைத்துக்கொள்வார்கள். "குண்டாவை விடப் பெரிசு. ஆனா அதே சாதி. அப்ப, குண்டாவோட அண்ணன்."

"குண்டான்னும் அவன் எழுதியிருப்பானேடா?"

"இல்லண்ணே, அவன் சட்டின்னு போட்டிருக்கான்."

பிழைத்தோம் என்று மூவரும் கைகொடுத்துக்கொண்டார்கள்.

அடுத்து, ஊருக்கு ஊர் வேறு வேறாக இருக்க வேண்டுமே. அதற்கு வீரணன் வழி சொன்னான். தேனிக்கு ஜமக்காளம், பெரியகுளத்துக்குக் கரண்டி, போடிக்குக் குண்டாவின் அண்ணன். பக்கத்துக்குப் பக்கம் சம்பந்தமே கிடையாது. மறுநாளே பெரியகுளத்திலிருந்து ஒருவர் போன் பண்ணி, நிச்சயதார்த்தத்துக்கு அண்டா கேட்டார்.

"உங்க ஊருக்குக் கரண்டி மட்டுந்தாங்க" என்றார் சடையப்பன் பணிவாக. "வேணும்னா போடிக்கு வீடு மாத்திட்டுச் சொல்லுங்க, அனுப்பி வைக்கிறோம்."

அந்த மனிதர் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. ராக்கம்மா சொன்னதையும் எழுத முடியாது. ஆவணி வேறு தேய்ந்துகொண்டே வந்தது. சடையப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. தட்டில் கிடந்த ஒவ்வொரு பருக்கையும் மச்சான் மில்லை ஞாபகப்படுத்தியது.

மிச்சமிருந்தது சொந்த அனுபவம். அந்தப் பொறுப்பை நல்லமாயன் எடுத்துக்கொண்டான். போடிப் பக்கத்தில் இப்படி எழுதினான்: 'எங்களிடம் உள்ள குண்டாவின் அண்ணன்கள் நாலுக்கும் அடியில் சுண்டுவிரல் போகிற அளவு ஓட்டை உண்டு. போன தையில் ஒரு கல்யாணத்தில் சாம்பார் ஒழுகி, பெண்ணின் தாய்மாமன் பட்டுவேட்டி பாழாகிவிட்டது. அவர் எங்களை வெகுதூரம் துரத்தினார். நாங்கள் வாய்க்காலில் விழுந்தோம். தண்ணீர் குளிர்ச்சியாக இருந்தது.'

சடையப்பன் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஒரு வார்த்தை பொய் இல்லடா."

இதை யாரோ படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்து வாட்ஸப்பில் அனுப்ப, அது ஊர் ஊராகப் போயிற்று. பார்க்க வந்த கூட்டத்தில் வெப்சைட் கிடுகிடுவென்று மேலே ஏறிவிட்டது. போடியில் பாத்திரக் கடை என்று தேடினால் முதலில் வந்து நிற்பது சடையப்பன் கடைதான். ஹேமலதாவே போன் பண்ணி, "எப்படிண்ணே?" என்று கேட்டது.

அன்றைக்கே போடியிலிருந்து ஓர் ஏலக்காய் வியாபாரி கூப்பிட்டார். பேர் குருவையா. "எம்பொண்ணு கல்யாணம். ஓட்டை இருக்குன்னு எழுதின யோக்கியன் இந்த உலகத்துல நீ ஒருத்தன்தான்யா. அந்த அண்ணன் நாலையும் அனுப்பு."

ஆவணி முடிவதற்குள் ஆர்டர் வந்துவிட்டது! சடையப்பன் கடைக்குள் மூன்று சுற்று ஆடினார். ராக்கம்மாவுக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. முதல் வேலையாகப் பட்டறை ஆளைக் கூட்டிவந்து நாலு அண்டாவின் ஓட்டையையும் அடைத்துப் பளபளவென்று தேய்த்து வைத்தாள்.

அதைப் பார்த்ததும் நல்லமாயன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

"அண்ணே, வெப்சைட்டுல ஓட்டை இருக்கு. கடையில ஓட்டை இல்ல."

"வித்தியாசம் வரக் கூடாதுன்னு அந்தப் பொண்ணு தலைதலையா அடிச்சுக்கிச்சே" என்றான் வீரணன்.

"எழுதினதை மாத்திட்டா?" என்று மெல்லக் கேட்டார் சடையப்பன்.

"ஓட்டைதானே அண்ணே நம்மளை மேல ஏத்திவிட்டுச்சு? அதை எடுத்தா திரும்பவும் கீழதான்."

கீழே என்றால் மில். மில் என்றால் மச்சான். ராக்கம்மா கோயிலுக்குப் போன நேரம் பார்த்துச் சடையப்பன் சுத்தியலையும் உளியையும் எடுத்தார். சுண்டுவிரலை வைத்து அளவு பார்த்துப் பார்த்து, நாலிலும் பழைய இடத்திலேயே ஓட்டை போட்டார். எழுதினதற்கும் இருப்பதற்கும் இம்மி வித்தியாசமில்லை.

போடி மண்டபத்தில் நாலு அண்டாவையும் குடிதண்ணீருக்கு வைத்தார்கள். ஒழுகக் கூடாதே! வீரணன் ஓர் ஓட்டையிலும் நல்லமாயன் ஓர் ஓட்டையிலும் சுண்டுவிரலைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார்கள். முதலாளி என்பதால் சடையப்பன் இரண்டு கையாலும் இரண்டு அண்டாவைக் கவனித்துக்கொண்டார். குருவையா குனிந்து பார்த்துவிட்டு, "ஓட்டைன்னு சொன்னா ஓட்டைதான். சொன்ன சொல் மாறாத ஆளுங்கய்யா" என்று சொந்தக்காரர்களிடம் பெருமையாகச் சொன்னார். சாமர்த்தியபுரத்துக்குப் போடியிலும் ரத்த சொந்தம் உண்டு என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

சாப்பிட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்க வந்த கூட்டத்தில் மச்சான் தவசியும் இருந்தார்.

"என்ன மாப்ள இது கோலம்? பேசாம மில்லுக்கு வந்துருங்க."

சடையப்பன் நிமிர்ந்து பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்கு மச்சானைக் கண்டு பயம் வரவில்லை. "முடியாது மச்சான். நான் கையை எடுத்தா கடையே ஒழுகிரும்."

தவசி சுற்றுமுற்றும் பார்த்தார். கல்யாணத்துக்கு வந்தவர்கள் அண்டாவோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, கடை நம்பரைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தவசி குரலைத் தாழ்த்தினார்.

"மில்லுல புது மிஷினுக்குப் பூஜை வச்சிருக்கேன் மாப்ள. ஊருக்கே சோறு போடணும். முகூர்த்த நாளுங்கறதால எங்கயுமே அண்டா கிடைக்கல. உங்ககிட்ட நல்லதா நாலு இருக்குமா?"

சடையப்பனுக்கு நெஞ்சு விம்மியது. விரலை மட்டும் அசைக்கவில்லை.

"உங்களுக்கு இல்லாததா மச்சான்? நேத்துதான் புத்தம்புதுசா நாலு வந்து இறங்கியிருக்கு. ஓட்டை போட மட்டும் ரெண்டு நாள் டயம் குடுங்க."