நயினார் விற்க வந்த வண்டி

பண்பொழியிலிருந்து மேற்கே போகும் மண்சாலை மலையடியில் போய் முட்டும் இடத்தில் திலகவதி அம்மாளின் தோட்டம் இருந்தது. நாலு ஓட்டு வீடு, ஒரு கிணறு, ஒரு இரும்புக் கேட். பத்துப் பன்னிரண்டு பேர் அங்கே தங்கியிருந்தார்கள். பகலில் மண்ணைக் கொத்துவார்கள், மாலையில் கண்ணை மூடி உட்காருவார்கள். அம்மாளுக்கு நாற்பத்திரண்டு வயது. முன்பு ஒரு கல்லூரியில் நீச்சல் சொல்லிக்கொடுத்தவர். அதிகம் பேசமாட்டார்.

அவரிடம் பாடம் கேட்க வந்துகொண்டிருந்தவர்களில் மூத்தவர் ஆறுமுகநயினார். வயது அறுபத்து மூன்று. தொலைபேசி இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஞாயிறு தவறாமல் தென்காசியிலிருந்து வந்து போவார்.

"நானும் இங்கேயே வந்திரட்டுமாம்மா?" என்று போன சித்திரையில் கேட்டார்.

"கையில தூக்க முடியாததை எல்லாம் விட்டுட்டு வாங்க அண்ணாச்சி" என்றார் அம்மாள்.

நயினார் அன்றைக்கே ஆரம்பித்துவிட்டார். வீட்டைத் தங்கை மகள் பேருக்கு எழுதினார். கட்டில், பீரோ, கிரைண்டர் எல்லாம் ஆளுக்கொன்றாகப் போயின. ஒவ்வொன்றும் போகப்போக அவர் நடையில் ஒரு துள்ளல் வந்தது. கடைசியில் மிஞ்சியது ஒன்றுதான். அவருடைய பெரிய வண்டி. பதினெட்டு வருஷப் பழைய எஸ்யூவி. அவரே இரண்டாம் கையாக வாங்கியது.

ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அந்த வண்டி கேட்டுக்கு வெளியே வந்து நின்றது. கருநீலத்தில் கண்ணாடி மாதிரி மின்னியது. நயினார் இறங்கிய வேகத்தில் செருப்பு ஒன்று வண்டிக்குள்ளேயே தங்கிவிட்டது.

அம்மாள் கேட் ஓரமாக மண்வெட்டியால் வாய்க்கால் இழுத்துக்கொண்டிருந்தார். மலை உச்சி கறுத்துக் கிடந்தது. சாரல் எந்த நேரமும் இறங்கலாம்.

"அம்மா! இன்னியோட முடிஞ்சுது!" என்றார் நயினார். "வடகரை இசக்கிமுத்து வாங்குதான். நையாண்டி மேளக்காரன். சாவியை வாங்கிக்க இங்கதான் வரச் சொல்லியிருக்கேன். அவன் கையில சாவியைக் குடுத்துட்டு அப்படியே உள்ள வந்துரலாம்னு. பை ஒண்ணுதான். இந்தா, தூக்கிட்டேன் பாருங்க!"

பையைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினார். அம்மாள் சிரித்தார்.

"வண்டி புதுசு மாதிரி இருக்கே."

"ஒரு வாரம் பட்டறையில விட்டு எடுத்தேம்மா. பட்டி பார்த்து, பெயிண்ட் அடிச்சு, மேல் சீலிங்குக்குப் புதுத் துணி ஒட்டி..."

நயினார் கொஞ்சம் நிறுத்தினார். பையைக் கீழே வைத்தார்.

"அம்மா, ஒரு சந்தேகம்."

"கேளுங்க."

"ஒருத்தன் நம்மகிட்ட ஒரு விஷயத்தைக் கேக்கவே இல்ல. நாமளும் சொல்லல. அது பொய்யா?"

அம்மாள் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கதவைத் திறந்து மூடினார். கூரையைத் தடவிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இதை எனக்கே குடுத்துருங்களேன்."

"உங்களுக்கா?"

"ஆமா. தோட்டத்துக்கு ஒரு வண்டி வேணும். இன்னிக்கே இங்க உள்ள பிள்ளைகளை ஏத்திக்கிட்டு பாபநாசம் போயிட்டு வரலாம். மழையானா என்ன, இவ்வளவு பெரிய வண்டி. கேரியர் வேற இருக்கு, மேல நாலு மூட்டையைக் கட்டிரலாம்."

நயினாரின் முகம் மாறியது.

"மேல கட்டாதீங்கம்மா."

"ஏன்?"

"கேரியர் போல்ட்டைச் சுத்தி துருப் பிடிச்சிருக்கும்மா. அந்த ஓட்டை வழியாத்தான் தண்ணி உள்ள இறங்குது. கூரையில இறங்குற தண்ணி கதவோரக் கம்பிக்குள்ளயே ஓடி டிரைவர் காலடியில வந்து நிக்கும். ஒரு வருஷம் பூரா நான் கதவு ரப்பரைத்தான் மாத்திக்கிட்டே கிடந்தேன். இந்தச் சீலிங் துணியைப் பாருங்க, அடியில பூரா மஞ்சக் கறை. பழசு தொங்கித் தலையில இடிச்சுது, அதான் புதுசு ஒட்டினேன்."

"சரி. பிள்ளைகளைப் பின்னால உக்கார வச்சா?"

"ஐயோ, பின்கதவு கீல் தேஞ்சுபோச்சு. குலுங்கினா தானாத் திறந்துக்கும்!" நயினார் பின்னால் ஓடினார். கதவைத் தூக்கிப் பிடித்து ஆட்டிக் காட்டினார். அங்கிருந்து முன்னால் ஓடினார். "கதவு அடிப்பக்கம் எல்லாம் அரிச்சது, பட்டிதான் நிக்குது. கண்ணாடிக்கு மேல பெயிண்ட் கொப்புளிச்சது, அதையும் தேய்ச்சு மறைச்சிருக்கு. இதைப் பாருங்க, இதைப் பாருங்க..."

முன்சீட்டின் அடியில் விரித்திருந்த புது மிதியடியைச் சுருட்டி எறிந்தார். தகரத்தில் ஒரு ஓட்டை. அவர் விரலை விட்டார். விரல் வண்டிக்கு அடியில் வெளியே வந்தது. கீழே புல் தெரிந்தது.

நயினாருக்கு மூச்சு வாங்கியது. வேர்த்துவிட்டது. ஆனாலும் ஒரு பாரம் இறங்கியது போல இருந்தது.

"நான் ஒண்ணுமே கேக்கலையே அண்ணாச்சி" என்றார் அம்மாள்.

நயினார் குனிந்தபடியே நின்றார். விரலை வெளியே எடுக்கவில்லை.

அப்போது சாலையில் மேளம் கேட்டது.

ஐந்து பேர் வந்தார்கள். முன்னால் இசக்கிமுத்து, கழுத்தில் தவிலோடு. பின்னால் நாயனம், பம்பை, தாளம். ஒருவன் கையில் பெரிய செவ்வந்தி மாலை. வாசிப்பென்றால் அப்படி ஒரு வாசிப்பு. தோட்டத்து ஆட்கள் எல்லாரும் கேட்டுக்கு ஓடிவந்துவிட்டார்கள். பெண்கள் சிரித்தார்கள். நாய் குரைத்தது. தவிலின் அடி வயிற்றுக்குள் இறங்கியது.

"அண்ணாச்சி! எங்க ஆளுகளுக்கு நேத்துப் பூரா உறக்கமே இல்ல!" இசக்கிமுத்து வாசித்துக்கொண்டே கத்தினான். "இனிமே எந்தக் கண்டக்டர்கிட்டயும் ஏச்சு வாங்க வேண்டாம்! போன வருஷம் அச்சன்கோவில்ல தவில் நனைஞ்சு, அடிச்சா சத்தமே வரல. அத்தனை சனத்துக்கு முன்னால நின்னோம், தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு. இனி அதில்ல! இன்னிக்குச் சாயந்திரம் புளியரையில அம்மன் கோயில் கொடைவிழா. நம்ம சொந்த வண்டியில போய் இறங்குதோம்!"

மாலை வண்டியின் முகத்தில் ஏறியது. நாலு டயருக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. ஒருவன் கற்பூரத்தைக் கொளுத்தத் தீப்பெட்டி தேடினான்.

நயினார் அம்மாளைப் பார்த்தார். அம்மாள் மறுபடி வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தார். முதுகுதான் தெரிந்தது.

நயினாரின் பை கேட்டுக்கு உள்பக்கமாக இருந்தது. யாரோ நகர்த்தி வைத்திருக்க வேண்டும். நாலே எட்டு நடந்தால் உள்ளே. சாவியைக் கொடுத்தால் போதும்.

அவர் மண்டியிட்டார். முன் டயருக்கு அடியிலிருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்தார். அடுத்த டயருக்குப் போய் அதையும் எடுத்தார்.

மேளம் ஒவ்வொன்றாக நின்றது. தாளம் மட்டும் கொஞ்ச நேரம் தனியாக அடித்துவிட்டு அதுவும் நின்றது.

"என்ன அண்ணாச்சி செய்யுதிய?"

"இசக்கி, இந்த வண்டி ஒழுகும்" என்றார் நயினார். "உன் தவில் நனையும்."

எல்லாவற்றையும் சொன்னார். கேரியர் போல்ட், கீல், கதவு, தரை. இசக்கிமுத்து குனிந்து அந்த ஓட்டையைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். அவன் காது மடல் சிவந்தது.

"நேத்து போன்ல கேட்டேனே அண்ணாச்சி, வண்டி எப்படி இருக்குன்னு."

"கேட்ட."

"பளபளன்னு இருக்குன்னு சொன்னிய."

"சொன்னேன்."

"உங்களை நம்பி வாடகை வேனை வேண்டாம்னு சொல்லிட்டேன்! சாமி எழுந்தருளும்போது மேளம் இல்லைன்னா ஊர் சும்மா விடுமா? இனி எந்த வேன் கிடைக்கும் எனக்கு?" மாலையைப் பிடித்து இழுத்தான். பூ உதிர்ந்தது.

அந்த நேரத்தில் மலையிலிருந்து காற்று இறங்கியது. பின்னாலேயே முதல் தூறல். மேளக்காரர்கள் தவிலையும் பம்பையையும் மார்போடு அணைத்துக்கொண்டார்கள்.

நயினாருக்குள் ஏதோ துள்ளியது.

"ஏறுங்க!" என்றார். "எல்லாரும் ஏறுங்க! நான் கொண்டுபோய் விடுதேன்!"

"ஒழுகும்னு இப்பத்தானே சொன்னிய!"

"எங்க ஒழுகும்னு எனக்குத்தானேடா தெரியும்! தவிலை நடுச்சீட்டு நடுவுல வை. அங்க ஒரு சொட்டு விழாது. பம்பையை அதுக்கு அடியில தள்ளு. ஓரத்துல யாரும் சாயாதீங்க, கம்பி வழியா வரும். கயிறு! பின்கதவைக் கட்டணும், யாராவது கயிறு கொண்டாங்க!"

கிணற்றடியிலிருந்து கயிறு வந்தது. உரச்சாக்கு வந்தது. தோட்டமே ஓடியது. நயினார் சாவியைத் திருகியபோது பக்கத்துக் கதவு திறந்தது. அம்மாள் சேற்றுக்காலோடு ஏறி உட்கார்ந்தார். கையில் ஒரு குடை.

"நானும் வாரேன்."

"அங்க சொட்டும்மா."

"தெரியும். சொன்னீங்களே."

அம்மாள் வண்டிக்குள்ளேயே குடையை விரித்தார். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

செங்கோட்டை தாண்டும்போது மழை கொட்டியது. கூரையில் விழுந்த அடி தவில் சத்தத்தைவிடப் பெரிதாக இருந்தது. நயினாரின் காலடியில் தண்ணீர் கூடியது. கூடிய தண்ணீர் தகரத்து ஓட்டை வழியாகத் தானே இறங்கியும் போனது. பின்கதவு ஒரு பள்ளத்தில் வாயைத் திறந்தது, கயிறு இழுத்துப் பிடித்தது. "இடது பக்கம் வருது!" என்று ஒருவன் கத்தினான். "சாக்கை வை!" என்று நயினார் கத்தினார். பம்பைக்காரன் தன் சட்டையையே கழற்றிக் கம்பியோரம் திணித்தான். நாயனக்காரன் ஊதும் சீவாளியை வாயில் அதக்கிக்கொண்டு பேச முடியாமல் கையை ஆட்டி வழி சொன்னான். ஒவ்வொரு சொட்டும் எங்கே விழப்போகிறது என்று நயினார் முன்னாலேயே சொன்னார், எல்லாரும் அதற்குத் தக்கபடி ஒதுங்கினார்கள். இவ்வளவு காலத்தில் அந்த வண்டியை அவர் இவ்வளவு சந்தோஷமாக ஓட்டியதில்லை.

புளியரைக் கோயில் வாசலில் ஆட்கள் சாலையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். இசக்கிமுத்து இறங்கிப் பந்தலுக்குள் ஓடினான். தவில்மேல் கிடந்த சாக்கை விலக்கினான். தோலைத் தடவினான். விரலால் ஒரு தட்டுத் தட்டினான்.

கணீரென்றது.

அதற்குப் பிறகு அவன் யாரையும் பார்க்கவில்லை. வாசித்தான்.

கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு நயினாரும் அம்மாளும் புறப்பட்டபோது, வாசிப்புக்கு நடுவே அவன் வெளியே ஓடிவந்து ஜன்னலைத் தட்டினான்.

"அண்ணாச்சி, உங்க வண்டி எனக்கு வேண்டாம்."

"சரிடா."

"வெள்ளிக்கிழமை ஆரியங்காவுல ஒரு கச்சேரி இருக்கு. கொண்டுவிட வருவியளா?"

நயினார் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். ஓடிப்போய்விட்டான்.

திரும்பி வரும் வழியில் அம்மாளின் குடைமேல் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. பண்பொழி தாண்டும்போது பொழுது சாய்ந்துவிட்டது.

கேட்டுக்கு முன்னால் நயினார் வண்டியை நிறுத்தினார். அம்மாள் இறங்கினார். நயினார் இறங்கவில்லை. நனைந்த கைகளை ஸ்டியரிங்கில் வைத்தபடி இருந்தார்.

"அம்மா, வண்டி விலை போகல. இனிமே இதைத் தெரிஞ்ச எவனும் வாங்கவும் மாட்டான். தெரியாதவனுக்கு என்னால விக்கவும் முடியாது."

அம்மாள் கேட்டின் ஒரு கதவைத் தள்ளித் திறந்தார்.

"அப்ப நான் உள்ள வாரது எப்பம்மா?"

அம்மாள் இன்னொரு கதவையும் திறந்து, அது காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்கக் கல்லை முட்டுக் கொடுத்தார்.

"வண்டியோட வாங்க அண்ணாச்சி" என்றார். "மழை பெய்யுது."