ஏகமனதாக

ஊர்ப் பெயர் வேண்டாம். சொன்னால் பக்கத்து ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள், எங்களை ஏன் விட்டுவிட்டாய் என்று. ஒரு பேரூராட்சி, பதினைந்து வார்டு, நடுவே ஒரு ஓடை, அதன்மேல் ஒரு சிறுபாலம். பாலம் இப்போது இல்லை. கட்டி முடித்த பதினோராவது மாதம் விழுந்துவிட்டது.

அந்த ஊரில் யோக்கியர் என்று பெயர் எடுத்தவர் ஒரே ஒருவர். ஒன்பதாவது வார்டு உறுப்பினர் தெய்வசிகாமணி. தபால் ஆபீசில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். வயது அறுபத்தெட்டு. யாரிடமும் ஒரு டீகூட வாங்கிக் குடித்ததில்லை. மன்றக் கூட்டத்துக்கு வீட்டிலிருந்தே பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோவார்.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. கூட்டத்துக்குச் சரியான நேரத்துக்குப் போய், வருகைப் பதிவேட்டில் நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போடுவார். செயல் அலுவலர் அஜெண்டாவில் உள்ள பொருள்களை ஒவ்வொன்றாக வாசிப்பார். நாற்றமடிக்கிற பொருள் ஏதாவது வந்தால், தெய்வசிகாமணி மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து வெளியே போய்விடுவார். வாசலில் வாதாம் மரத்தடியில் நிற்பார். உள்ளே காரியம் முடிந்ததும் திரும்பி வந்து உட்காருவார்.

ஒரு வார்த்தை பேசமாட்டார். பேசினால் சண்டை வரும். சண்டை வந்தால் நாலு பேர் நாலு விதமாகச் சொல்வார்கள். எழுந்து போய்விட்டால் புரிய வேண்டியவர்களுக்குப் புரியும், நம் கையும் சுத்தம். இப்படியே ஏழு வருடம் ஓடியது. ஊர் அவரை மெச்சியது. பேரூராட்சித் தலைவரும் மெச்சினார். தலைவர் எதற்காக நம்மை மெச்சுகிறார் என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை. யோசித்திருக்கலாம்.

அன்று பிற்பகல் மூன்று மணிக்குக் கூட்டம். அஜெண்டாவில் பதினான்காவது பொருள் பாலம். பாலம் விழுந்தது வெள்ளத்தால், அதில் யார் தவறும் இல்லை, ஆகவே விசாரணை கேட்டு வந்த மனுவைத் தள்ளிவிடலாம், புதுப் பாலத்தைப் பழைய கான்ட்ராக்டரே கட்டலாம் என்று எழுதியிருந்தது. பழைய கான்ட்ராக்டர் தலைவரின் மச்சான். பாலம் விழுந்த அன்று ஓடையில் கணுக்கால் நனையும் அளவுக்குத்தான் தண்ணீர் ஓடியது. அதை ஊரே பார்த்தது.

இதற்கு மட்டும் எழுந்து போகக்கூடாது, உட்கார்ந்து எதிர்த்துப் பேசிவிட வேண்டும் என்று தெய்வசிகாமணிக்கு முதல்முறையாகத் தோன்றியது. காலையிலேயே அலுவலகத்துக்குப் போய்ச் செயல் அலுவலரிடம் சொல்லவும் செய்தார்.

செயல் அலுவலர் கோபப்படவில்லை. பீரோவிலிருந்து தீர்மானப் புத்தகத்தை எடுத்தார். முன்னமே அடையாளம் வைத்திருந்த பக்கத்தைத் திறந்து, அவர் பக்கம் நகர்த்தினார்.

“படிங்க சார்.”

போன வருடத் தீர்மானம். ‘ஓடைச் சிறுபாலப் பணி திருப்திகரமாக முடிக்கப்பட்டதை, வருகை தந்த உறுப்பினர்கள் பதினைந்து பேரும் ஏகமனதாக ஏற்றனர்.’ கீழே பதினைந்து பெயர்கள். ஒன்பதாவது அவருடையது.

“சார், நான் அன்னிக்கு எழுந்து வெளிய போயிட்டேனே.”

“போனீங்க. வேண்டாம்னு சொல்லிட்டுப் போகலியே. பதிவேட்டுல கையெழுத்து இருக்கு, எதிர்ப்புன்னு எழுத ஒரு வார்த்தை இல்ல. நான் என்னத்த எழுதறது?”

“அப்ப இத்தனை வருஷமும்?”

“எல்லாமே ஏகமனதுதான் சார்.” செயல் அலுவலர் புத்தகத்தை மூடினார். “விசாரணைன்னு வந்தா பேரு இருக்கற எல்லாரையும் கூப்பிடுவாங்க. உங்களையும்தான். பாத்துக்கங்க.”

தெய்வசிகாமணி வெளியே வந்து வாதாம் மரத்தடியில் நின்றார். அந்த மரத்தையே வெட்டிப் போட வேண்டும் போல இருந்தது.

மனக்கஷ்டம் வந்தால் அவர் போகிற இடம் ஒன்றுதான். பழைய அரிசி மில்லுக்குப் பின்னால் ஒரு சன்மார்க்க சபை. தினமும் மதியம் அங்கே ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றுவார்கள். நடத்துகிறவர் வடிவாம்பாள். நாற்பது வயது, வெள்ளைப் புடவை, அளந்து பேசுகிறவர். தெய்வசிகாமணிக்கு மகள் வயதுதான். ஆனாலும் நாலு வருடமாக அவருக்குக் குரு அந்த அம்மாள்தான்.

அவர் போனபோது கூடத்தில் பந்தி உட்கார்ந்துவிட்டது. நாற்பது பேர் இருக்கும். எல்லோர் முன்னும் அலுமினியத் தட்டு. வாசலை ஒட்டி முதல் ஆளாக அஞ்சலை இருந்தாள். கீரை விற்றவள். பாலம் விழுந்தபோது அதன்மேல் நடந்துகொண்டிருந்தது அவள் ஒருத்திதான். இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. ஊன்றுகோலைப் பக்கத்தில் படுக்க வைத்திருந்தாள்.

“வாங்கய்யா. இன்னிக்குக் கூட்டத்துல என் மனு வருதாமே?”

“வருது அஞ்சலை.”

“யாரு கட்டினது, யாரு பாத்துட்டு நல்லாருக்குன்னு சொன்னது, அத மட்டும் விசாரிச்சாப் போதுங்கய்யா. வேற ஒண்ணும் கேக்கல.” பக்கத்தில் இருந்தவளிடம் திரும்பினாள். “அய்யா அப்பவே ஒத்துக்கலடி. எழுந்து வெளிய வந்துட்டாராம். இவரு மாதிரி இன்னும் ரெண்டு பேரு இருந்திருந்தா என் காலு இருந்திருக்கும்.”

திட்டியிருந்தால்கூடத் தேவலை. தெய்வசிகாமணி தலையைக் குனிந்துகொண்டு சமையற்கட்டுக்குள் நுழைந்தார்.

வடிவாம்பாள் அண்டாவில் கஞ்சியைத் துழாவிக்கொண்டிருந்தார்.

“அம்மா, ஒரு சந்தேகம்.”

“சொல்லுங்கய்யா.”

“தப்பு நடக்கற இடத்துல ஒருத்தன் இருக்கான். அவன் தப்பு பண்ணல, பண்ணச் சொல்லவும் இல்ல. நடக்கற நேரத்துல எழுந்து வெளிய போயிடறான். அந்தப் பாவம் அவனையும் சேருமா?”

“யாரு அந்த ஒருத்தன்?”

தெய்வசிகாமணி எல்லாவற்றையும் சொன்னார். தீர்மானப் புத்தகம், ஒன்பதாவது பெயர், செயல் அலுவலர் சொன்னது. பாலம் கட்டுகையில் தினமும் அந்த வழியாக நடந்து போனதையும் சொன்னார். கட்டைவிரல் மொத்தத்துக்கு இருக்க வேண்டிய கம்பி பென்சில் மொத்தத்துக்குக் கிடந்ததைத் தன் கண்ணால் பார்த்திருந்தார். அதை இதுவரை அவர் வீட்டில்கூடச் சொன்னதில்லை.

“இன்னிக்கு நான் எதிர்த்துப் பேசினா விசாரணை வரும்மா. என்னையும் நிக்க வச்சுக் கேப்பாங்க. ஏழு வருஷமா காப்பாத்தின பேரு நாறிடும். வழக்கம்போல எழுந்து போயிடட்டுமா? நீங்க போலாம்னு ஒரு வார்த்தை சொன்னா எனக்கு மனசு ஆறிடும்.”

வடிவாம்பாள் துழாவுவதை நிறுத்தி அண்டாவுக்குள் குனிந்து பார்த்தார். பிறகு மூடியைப் போட்டு மூடினார்.

“அய்யா, கஞ்சியில பல்லி விழுந்திருக்கு.”

“அய்யய்யோ!”

“சத்தம் போடாதீங்க. உங்களுக்கு மட்டும்தான் சொல்றேன். வேற உலை வைக்க அரிசி இல்ல. போய்ப் பந்தியில உக்காருங்க.”

தெய்வசிகாமணிக்கு ஒன்றும் ஓடவில்லை. கூடத்துக்கு வந்து அஞ்சலைக்கு எதிரில் உட்கார்ந்தார். அவர் முன்னும் ஒரு தட்டு வந்தது. அம்மாள் எப்படியும் கொட்டிவிடுவார் என்று நினைத்தார். நம் இடமா, நாம் ஏன் வாயைக் கொடுக்க வேண்டும் என்றும் நினைத்தார். அதற்குள் இரண்டு பெண்கள் அண்டாவைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கே வந்துவிட்டார்கள்.

தெய்வசிகாமணி எழுந்தார். மேல்துண்டை உதறித் தோளில் போட்டார்.

“எனக்குப் பசியில்லம்மா” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வெளியே போனார்.

சபை வாசலில் ஒரு புங்க மரம். அதன் நிழலில் போய் நின்ற பிறகுதான், நாம் எங்கே நிற்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. திரும்பிப் பார்த்தார். திறந்த கதவு வழியே அஞ்சலை தெரிந்தாள். முதல் கரண்டி அவளுக்குத்தான் விழுந்திருந்தது. தட்டை இரண்டு கையாலும் தூக்கி, சூடு ஆற ஊதிக்கொண்டிருந்தாள்.

“குடிக்காதீங்க!” என்று கத்திக்கொண்டு ஓடினார். வாசற்படி தடுக்கியது, ஊன்றுகோலில் கால் பட்டு அது உருண்டு மூலைக்குப் போயிற்று. “யாரும் குடிக்காதீங்க! கஞ்சியில பல்லி விழுந்திருக்கு!”

அஞ்சலை தட்டைக் கீழே வைத்தாள். தட்டைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

“உங்களுக்கு எப்படிங்கய்யா தெரியும்?”

“அம்மா சொன்னாங்க. அண்டா உள்ள இருக்கறப்பவே சொன்னாங்க.”

“தெரிஞ்சுமா எழுந்து போனீங்க?”

நாற்பது பேரும் தெய்வசிகாமணியையே பார்த்தார்கள். பொத்திப் பொத்தி வைத்திருந்த பெயர் அந்த நிமிடத்தில் போய்விட்டது. அதைக் கெடுக்க விசாரணை எதுவும் தேவைப்படவில்லை.

அவருக்குக் கோபம் வந்தது. வடிவாம்பாளைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

“தெரிஞ்சே எப்படிம்மா ஊத்தச் சொன்னீங்க?”

“பந்தியில யாரும் வேண்டாம்னு சொல்லலியே அய்யா.”

“அவங்களுக்குத் தெரியாதேம்மா!”

வடிவாம்பாள் ஒரு டம்ளரில் கஞ்சியை மொண்டு, எல்லோரும் பார்க்க, நின்றபடியே குடித்தார்.

“நல்ல கஞ்சிதான். பயப்படாமக் குடிங்க” என்றார் பந்தியைப் பார்த்து.

கொஞ்ச நேரம் யாரும் தட்டைத் தொடவில்லை. பிறகு ஒருவர் குடித்தார், இன்னொருவர் குடித்தார், கரண்டி மறுபடியும் நகர்ந்தது. அஞ்சலையும் குடித்தாள். தெய்வசிகாமணி பக்கம் அவள் திரும்பவில்லை. கூட்டத்துக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.

அவர் வடிவாம்பாள் அருகில் வந்தார்.

“அப்ப பல்லி?”

“பல்லி விழலய்யா.”

தெய்வசிகாமணிக்கு மூச்சு வந்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அப்பாடா. உயிரே போயிடுச்சும்மா எனக்கு” என்று சொல்லி, சிரிக்கக்கூடப் பார்த்தார்.

வடிவாம்பாள் மூலைக்குப் போய் ஊன்றுகோலை எடுத்தார். கொண்டுவந்து அஞ்சலையின் கைக்கு எட்டும்படி சுவரில் சாய்த்து வைத்தார்.

“பாலம்தான் விழுந்தது.”