திரை சொன்ன பதில்

அமெரிக்காவில் அதிபர் தேர்தல் சூடு பிடித்திருந்தது. ஹார்லோ என்ற சின்ன ஊருக்கு வந்த ஒரு வேட்பாளர், மேடையேறி வேறு ஊர் பேரைச் சொல்லி வணக்கம் வைத்துவிட்டார். எதிர்க்கட்சி வேட்பாளர் கிராண்ட்லி சும்மா விடுவாரா? மறுநாளே அங்கே வந்து இறங்கினார்.

மேடையில் அவர் பார்த்துப் படிக்கும் திரையை இயக்குபவள் மேகலா.

"யார் எது கேட்டாலும் பதில் திரையில வந்து நிக்கணும். நான் உளறினா உன் வேலை போச்சு," என்று உறுமினார்.

"வந்துடும் சார். வர்றதை அப்படியே படிச்சிடுங்க."

கிராண்ட்லி முழங்கினார்: "இந்த ஊர் பேர்கூடத் தெரியாத ஆளுக்கா உங்க ஓட்டு?"

கைதட்டல் ஓய்ந்ததும் முன்வரிசையிலிருந்த ரொட்டிக்கடைக்காரிக்கு ஒரு சந்தேகம். "அப்போ நீங்க சொல்லுங்க, இது எந்த ஊரு?"

காலையிலிருந்து எத்தனையோ மேடை ஏறி இறங்கியவருக்கு ஊர் பேர் நினைவுக்கு வரவில்லை. திரையைப் பார்த்தார். மேகலா அதில் ஓடும் வரிகளைப் பின்னால் ஓட்டி, பழைய வரியிலேயே நிறுத்தியிருந்தாள். பழக்கதோஷம், கம்பீரமாகப் படித்துவிட்டார்:

"இந்த ஊர் பேர்கூடத் தெரியாத ஆளுக்கா உங்க ஓட்டு?"

"கிடையாது!" என்று கத்தியது கூட்டம்.

கீழே இறங்கி மேகலா மேல் பாய்ந்தார்.

"நீங்க உளறலையே சார்," என்றாள் அவள். "ஊரே ஒத்துக்கிச்சே!"